பத்திரம் பார்த்தாயிற்று, வீட்டைப் பார்த்தாயிற்றா?

சென்னையில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கப் போகிறவர் யார் யாருக்கெல்லாம் பணம் கொடுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். தரகருக்குக் கொடுக்கிறார். வில்லங்கம் எடுத்து, மூலப் பத்திரத்திலிருந்து வரிசையாகப் படித்துக் கருத்துரை எழுதித் தரும் வழக்கறிஞருக்குக் கொடுக்கிறார். வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணத்தைப் பிடித்துக்கொள்கிறது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் அரசுக்குப் போகிறது. சமையலறை அக்னி மூலையில்தான் இருக்கிறதா என்று திசைகாட்டியோடு வந்து பார்க்கும் வாஸ்துக்காரருக்கும் வெற்றிலை பாக்கில் வைத்து ஒரு தொகை உண்டு. இத்தனை பேரில் ஒருவர்கூடக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை.

இதைச் சொன்னதும், “வங்கியிலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுத்தானே கடன் கொடுத்தார்கள்?” என்று கேட்பார்கள். வந்தவர் மதிப்பீட்டாளர். கடன் திரும்பி வராவிட்டால் இந்த வீட்டை விற்று எவ்வளவு தேற்றலாம் என்பதுதான் வங்கி அவரிடம் கேட்ட கேள்வி. பரப்பு, வயது, வரைபட அனுமதி, அக்கம்பக்கத்து விலை எல்லாவற்றையும் பார்த்து ஒரு தொகையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். கழிவறைக்குக் கீழே கசிகிறதா என்று குனிந்து பார்ப்பது அவர் வேலையில் சேராது. அந்த அறிக்கை உங்களுக்காக எழுதப்பட்டதும் இல்லை. பல சமயம் உங்கள் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள்.

ஆக, வாங்குபவர் தன் செலவில், தனக்கென்று ஓர் ஆளை அழைத்துப் போய் வீட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழில். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அதற்கு மாநில உரிமம் வேண்டும். கலிபோர்னியாவில் உரிமம் என்ற பேச்சே இல்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 2017இல் இதற்கென்று ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டு, நடைமுறைக்குக் கொண்டுவராமல் வருடக்கணக்கில் கிடப்பில் போட்டிருந்தது. நம் ஊரில் இன்னும் சுலபம். வீட்டு ஆய்வாளர் என்று பலகை மாட்டிக்கொள்ள இந்தியாவில் எந்த உரிமமும் தேவையில்லை. ஈரப்பதமானியும் வெப்பம் காட்டும் கேமராவும் வாங்கி, சட்டையில் ஒரு முத்திரையைத் தைத்துக்கொண்டால் தொழில் தொடங்கிவிடலாம். நல்ல ஆளைப் பொறுக்கியெடுக்கும் பொறுப்பு முழுக்க வாங்குபவர் தலையில் விழுகிறது.

நான் அப்படிப்பட்ட ஆளிடம் எதிர்பார்ப்பது இரண்டு. தண்ணீரின் போக்கைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வீடு கைமாறினாலும் மாறாவிட்டாலும் அவர் பையில் ஒரு ரூபாய் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பட்டம், கருவி, அச்சடித்த அறிக்கை எல்லாம் இந்த இரண்டுக்குப் பிறகுதான்.

என் தங்கை மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தாள். இருபது வயதைத் தாண்டிய குடியிருப்பு, இரண்டாவது மாடி. விற்பவர் உள்ளே புதிதாக வெள்ளையடித்து, பால் நிறத்தில் பளபளவென்று வைத்திருந்தார். தங்கைக்காக நாங்கள் அழைத்துப் போனது ஒரு கட்டமைப்புப் பொறியாளரை. ஐம்பதைக் கடந்த பெண்மணி. பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவர். வந்தவர் மாடிக்கு ஏறவில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் போய், “அண்ணே, 2015 வெள்ளத்தில் இங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது?” என்று கேட்டார். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் தொடையில் கை வைத்துக் காட்டினார். “மிக்ஜாம் புயலில்?” என்றதற்கு முழங்காலைக் காட்டினார். தரகர் எங்களிடம் “இந்தத் தெருவில் மட்டும் தண்ணீர் வராது” என்று சொல்லியிருந்தார். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

அடுத்து அவர் போனது முதல் மாடிக்கு. வாங்கப்போகும் வீட்டுக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு. கதவைத் தட்டி, “அம்மா, மேல் வீட்டை வாங்கப் பார்க்கிறோம். உங்கள் குளியலறையின் மேல்கூரையை ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளலாமா?” என்றார். “தாராளமாகப் பாருங்கள். மேல் வீட்டில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது” என்றார் அந்த அம்மாள். உள்ளே குழாய் இறங்கும் மூலையில் பழுப்பு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் படிந்திருந்தன. பூச்சு பொரிந்து உப்புப் பூத்திருந்தது. அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு சின்னக் குழாயை வாளிக்கு இறக்கியிருந்தார் அந்த வீட்டுக்காரர். வாளியில் கால் பங்கு தண்ணீர். மேலே பால் நிறத்தில் பளபளத்த வீட்டின் நிஜம் அந்த வாளியில் இருந்தது.

இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் குளியலறைத் தளத்தை மட்டும் ஓர் அடி போல இறக்கிப் போட்டு, அந்தப் பள்ளத்தில் கழிவுக் குழாய்களை ஓடவிட்டு, செங்கல் உடைசலை நிரப்பி, மேலே டைல்ஸ் பதிப்பது வழக்கம். பள்ளத்தின் உட்புறம் நீர்க்காப்புப் பூச்சு ஒழுங்காக இருந்தால் பிழைத்தோம். அது விட்டுப்போனாலோ, டைல்ஸ் இடுக்கில் அடைத்த சாந்து கரைந்துபோனாலோ, தினமும் குளிக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அந்தப் பள்ளத்தில் தேங்கும். மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் குளியலறையைச் சோதிப்பவர் கீழ் வீட்டுக்குப் போகிறார். கீழ் வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சப்படும் ஆய்வாளருக்குக் கட்டணம் கொடுப்பது வீண்.

பிறகுதான் மேலே போனோம். ஒரு வாளித் தண்ணீரைக் குளியலறையில் ஊற்றிவிட்டு அவர் பேசாமல் நின்றார். முக்கால் பங்கு வடிகாலுக்குப் போனது. மீதி வாசற்படி ஓரமாக வந்து தேங்கியது. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் டைல்ஸை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாகப் பதிந்த டைல்ஸ் “டிக்” என்கிறது. அடியில் கலவை பிடிக்காதது “டொக்” என்று பொள்ளலாக ஒலிக்கிறது. இந்தச் சோதனைக்கு யாரும் வரவேண்டியதில்லை, நீங்களே செய்துவிடலாம். வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மறுநாள் வரை கீழ் வீட்டுக் கூரையைக் கவனிக்கும் சோதனை இன்னும் உறுதியானது. விற்பவர் சம்மதிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் சிக்கல். மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

படுக்கையறையில் ஒரே ஒரு சுவரில் மட்டும் சாயத்தின் வாடை போகாமல் இருந்தது. எல்லாச் சுவர்களும் ஒரே நாளில் அடிக்கப்பட்டிருந்தால் ஒரே மாதிரிதான் மணக்கும். ஈரப்பதமானியை வைத்ததும் அங்கே மட்டும் முள் எகிறியது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை.

இத்தனைக்கும் அவரைக் கவலைப்பட வைத்தது வீட்டுக்குள் இருந்த எதுவும் இல்லை. கீழே கார் நிறுத்தும் தளத்தில் ஒரு தூணின் மூலை ஓரமாக, மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஒரு விரிசல். அதன் ஓரத்தில் துருக்கறை. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் அனுமதி கேட்டு, ஏற்கெனவே பெயர்ந்து நின்ற விளிம்பைச் சுத்தியலால் தட்டி, புதிதாக உடைந்த முகத்தில் ஒரு திரவத்தைத் தெளித்தார். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் நாம் எல்லாரும் பார்த்த பினாப்தலீன்தான். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. பட்டதும் ரோஜா நிறம் வரும். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிக்குக் கவசம். காற்றில் இருக்கும் கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊடுருவ, காரம் குறைந்து கவசம் போய்விடுகிறது. அங்கே வெளிப்புறம் நிறமே வரவில்லை. கம்பியை ஒட்டி உள்ளே மட்டும் மெல்லிய ரோஜாக் கோடு.

கம்பி துருப்பிடித்தால் அதன் பருமன் பல மடங்கு பெருகும். பெருகுகிற துரு கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும்; பிளவு வழியாகத் தண்ணீரும் காற்றும் இன்னும் தாராளமாக உள்ளே போகும். சென்னையில் கடற்காற்றின் உப்பும் இதற்குத் துணை. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 தூண்களில் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கு இருக்க வேண்டும் என்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் எந்தத் தண்ணீர் வந்ததோ அதையே ஊற்றிக் கலவை போட்ட கட்டடங்கள் புறநகரில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் வீடு வாங்குபவர் டைல்ஸின் பளபளப்பைப் பார்க்கிறார். தூணைப் பார்ப்பதில்லை, தூண் பொதுச் சொத்து என்பதால்.

தங்கை அந்த வீட்டைத்தான் வாங்கினாள், ஆனால் பேசிய விலைக்கு வாங்கவில்லை. அறிக்கையை நடுவில் வைத்துப் பேசியதில் குளியலறையை உடைத்து நீர்க்காப்பு செய்யும் செலவு விலையில் கழிந்தது. தூண்களைச் செப்பனிடுவது பொதுச் செலவு என்பதால், சங்கத்தின் கையில் எவ்வளவு இருப்பு இருக்கிறது, கடைசியாக எப்போது பராமரிப்பு நடந்தது என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்த பிறகே முன்பணம் கைமாறியது. அந்த வீடு அறிக்கையில் தேறவும் இல்லை, தோற்கவும் இல்லை. அப்படி மதிப்பெண் போட்டுத் தருகிறவர்களை நான் நம்புவதில்லை. எது உடனே, எது இரண்டு வருடத்துக்குள், எதை அப்படியே விட்டுவிடலாம் என்று பிரித்துச் சொல்வதுதான் நமக்கு உதவும்.

விரிசல் விஷயத்தில் இந்தப் பிரித்துச் சொல்லும் திறமை நன்றாகத் தெரிந்துவிடும். பூச்சில் முடி போல ஓடும் கோடுகள், கலவை காய்ந்து சுருங்கியதால் வந்தவை. பட்டி பார்த்துச் சாயம் அடித்தால் தீர்ந்தது. உத்தரத்துக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே படுக்கைவாட்டில் ஓடுவது, இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. பார்க்க அசிங்கம், ஆபத்து குறைவு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பினால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். படிக்கட்டு போலச் செங்கல் வரிசையைத் தொடர்ந்து இறங்கினாலோ, ஒரு மாடியைத் தாண்டி அடுத்த மாடியிலும் அதே இடத்தில் தெரிந்தாலோ, அடித்தளம் இறங்கியிருக்கிறதா என்ற கேள்வி வந்துவிடும். தூணில், உத்தரத்தில் வந்தால் கட்டமைப்புப் பொறியாளரைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்காதீர்கள். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று தரைமட்டமானபோது உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைப் பார்த்ததுமே குடியிருந்தவர்கள் வெளியேறியிருந்தார்கள்.

எல்லா விரிசலையும் சிவப்பு வட்டம் போட்டு, நூறு பக்கம் படம் ஒட்டிய அறிக்கைகளும் வருகின்றன. நம்மைப் பயமுறுத்தி, கடைசிப் பக்கத்தில் அதே நிறுவனத்தின் செப்பனிடும் கட்டணத்தைப் போட்டிருப்பார்கள். நோயைக் கண்டுபிடிப்பவரே மருந்துக்கடையும் வைத்திருந்தால் நோய்க்குப் பஞ்சம் இருக்காது. நீர்க்காப்பு ஒப்பந்தக்காரர் “இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்” என்றால் இரண்டு கைகளையும் கூப்பி அனுப்பிவிடுங்கள்.

தரகர் அனுப்பும் ஆளும் அப்படித்தான். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த மாதமும் அதே தரகரிடமிருந்து நாலு வீடு வர வேண்டும் என்ற எண்ணமே பேனாவை மழுக்கிவிடும். வேலையைக் கொடுத்தவரும் பணம் கொடுப்பவரும் நீங்களாக மட்டுமே இருக்க வேண்டும். அறிக்கையும் உங்கள் பெயருக்குத்தான் வர வேண்டும்.

ஆளைத் தேடும்போது முதலில் வீடு எப்படிப்பட்டது என்று பாருங்கள். புதிதாகக் கட்டி ஒப்படைக்கும் வீட்டுக்கும், இருபது வருடப் பழைய வீட்டுக்கும் ஒரே ஆள் பொருந்த மாட்டார். புது வீட்டில் கதவு சரியாகச் சாத்துகிறதா, தளம் மட்டமா, ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் வருகிறதா என்று நூற்றுக்கணக்கான சின்ன விஷயங்களைப் பொறுமையாகப் பார்க்கும் குழு போதும். பழைய கட்டடத்துக்கு, அதுவும் கடலோரத்தில், கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடமோ நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமோ பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதிவு எண்ணைச் சொல்லத் தயங்க மாட்டார்கள். அனுபவம் மிகுந்த மேஸ்திரி பூச்சையும் டைல்ஸையும் பொறியாளரை விட வேகமாகக் கண்டுபிடிப்பார். அவரைக் கூட அழைத்துப் போவதில் தப்பில்லை. தூணைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் வேறு வீட்டுக்கு எழுதிய அறிக்கை ஒன்றைப் பெயர், முகவரியை மறைத்துத் தரச் சொல்லிப் படித்துப் பாருங்கள். “கசிவு உள்ளது” என்று நிறுத்தியிருக்கிறாரா, கசிவு எங்கிருந்து கிளம்பி எங்கே வெளியே வருகிறது என்று எழுதியிருக்கிறாரா? என்னவெல்லாம் பார்க்க முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று ஒரு பகுதி இருக்கிறதா? எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியம். பூட்டியிருந்த அலமாரிக்குப் பின்னால் பார்க்கவில்லை, மொட்டைமாடித் தொட்டியில் ஏற முடியவில்லை என்று எழுதுகிறவரின் மற்ற வரிகளையும் நம்பலாம். நீங்களும் கூடவே வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம், அறிக்கை அனுப்பிவிடுகிறோம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். எழுத்தில் நாலு வரியாக வருவதை, சுவரருகே நிற்க வைத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரியும்.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்பம் காட்டும் கேமரா சுவருக்குள் ஊடுருவிப் பார்க்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மேற்பரப்பின் வெப்ப வேறுபாட்டை மட்டுமே காட்டுகிறது. ஈரமான இடம் ஆவியாகும்போது குளிர்வதால் நீலமாகத் தெரியும். ஏசி காற்று பட்ட சுவரும் நீலமாகத்தான் தெரியும். அந்த இடத்தில் ஈரப்பதமானியை வைத்து உறுதி செய்யாமல் வண்ணப்படத்தை மட்டும் நீட்டுபவர் படக்காரர். ஏப்ரல், மே மாத வெயிலில் காய்ந்து கிடக்கும் வீட்டில் எந்தக் கருவியும் திணறும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில், ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். பாதி அறிக்கையைச் சுவரே எழுதி வைத்திருக்கும்.

எந்த ஆய்வாளராலும் பார்க்க முடியாதவையும் இருக்கின்றன. புதைந்த மின்கம்பி, கலவையின் விகிதம், மண்ணுக்குக் கீழே இருக்கும் அடித்தளம் இவை கண்ணுக்கு எட்டாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதில் வீடு பதிவு செய்திருந்த ஒருவர் அதற்கு முந்தைய வாரம் ஓர் ஆளை அழைத்துப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்திருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காது. அதற்கெல்லாம் மண் பரிசோதனை அறிக்கையும், கட்டமைப்பு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவரின் பெயரும், பணி நிறைவுச் சான்றிதழும்தான் ஆதாரம். கட்டுநரிடம் இவற்றின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

புது வீடு வாங்குபவர்களுக்குச் சட்டம் இன்னொரு பிடியையும் கொடுத்திருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தென்பட்டு நீங்கள் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் தனிக் கட்டணம் இல்லாமல் கட்டுநர் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். சில கட்டுநர்கள் ஒப்படைக்கும் நாளில் வெளியாளை உள்ளே விடமாட்டோம் என்று முரண்டு பிடிப்பார்கள். சாவி வாங்கும்போதே “எல்லாம் திருப்தி” என்று அச்சடித்த தாளில் கையெழுத்தும் கேட்பார்கள். குறைகளின் பட்டியலை இணைத்து, “இந்தப் பட்டியலுக்கு உட்பட்டு” என்று கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளே விடவே இல்லையென்றால், சாவி கைக்கு வந்த அதே வாரத்தில் ஆய்வாளரை அழைத்துவிடுங்கள். தச்சரையும் மேஜை நாற்காலிகளையும் கொண்டுவருவதற்கு முன்பே அந்த வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரு ஆணி அடித்துவிட்டால் போதும், “அதெல்லாம் உங்கள் தச்சர் செய்த சேதம்” என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்போது ஆய்வாளரை அளவு டேப்பையும் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள். கார்பெட் ஏரியா என்று சட்டம் சொல்வதில் வெளிச்சுவரும் பால்கனியும் சேராது, உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் சேரும். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அளவோடு அறை அறையாக வைத்துப் பாருங்கள். குறைகளைத் தேதியிட்ட படங்களோடு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தை, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு, ஸ்பீட் போஸ்டிலும் போடுங்கள். தளத்தில் நிற்கும் இன்ஜினியரிடம் வாயால் சொன்னதையும், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் புலம்பியதையும் வைத்து அந்த 30 நாள் கணக்கு எப்போது தொடங்கியது என்று நிரூபிப்பது கடினம்.